மூன்றாவது ஓலை

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டோம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை அம்மா விரலால் தொட்டுப் பார்ப்பாள். அப்பா பெட்டிக்கடையில் வாங்கிய தீப்பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போடுவார். நானும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே. யாராவது என்னைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தால், இவளுக்கு என்ன ஆக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். இந்தக் குணத்தை நினைத்து எனக்கு வெட்கமொன்றும் கிடையாது. வேதத்தைக் கேட்கக் கேட்கத்தான் விசுவாசம் வளரும் என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். சரிதான். ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சந்தேகப்படுகிறவன் கேட்கிற மாதிரி வேறு யாரும் கேட்பதில்லை என்பது என் கட்சி. அதற்கு என் அப்பாதான் சாட்சி.

அறுபதுகளின் கடைசி அது. விருத்தாசலத்தில் பீங்கான் வேலை சூடு பிடித்திருந்தது. சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள் கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி என்று செய்து, சுடுவதற்கு ஒரு பெரிய பொதுச் சூளைக்குக் கொண்டுவருவார்கள். அப்பா அந்தச் சூளையில் தீ பார்க்கிறவர். அவருடைய ஒரே தம்பி, என் சித்தப்பா, அதே சூளையில் சாமான் அடுக்குகிறவர். நான் ஒரு கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் பர்னர் போடும் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று அப்பாவுக்கு இடது காது அடைத்துப் போயிருந்தது. அந்தப் பக்கம் நின்று கத்தினாலும் திரும்ப மாட்டார். அவரிடம் பேச வேண்டியவர்கள் வலது பக்கம் வந்துதான் பேச வேண்டும். சூளையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றதற்குக் காரணம் அந்தச் சூளைதான். ஒரு தடவை உள்ளே அடுக்கு சரிந்து, ஒரு கம்பெனியின் ஜாடிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. மறுநாளே சூப்பர்வைசர் அப்பாவைத் தீயிலிருந்து எடுத்து மண் அரைக்கும் பக்கம் போட்டுவிட்டார். தீயை அவசரப்பட்டு ஏற்றிவிட்டதாகப் பேச்சு வருகிறது என்று மட்டும் சொன்னாராம். பேச்சு தானாக வருமா? அடுக்கினவன் தம்பி. அடுக்கு சரியில்லை என்ற பெயர் தனக்கு வராமலிருக்க அண்ணனைப் போட்டுக் கொடுத்துவிட்டான் என்பது அப்பாவின் முடிவு. சித்தப்பாவுக்கும் அன்றைக்கு நல்ல டோஸ் விழுந்திருந்தது. தன் அடுக்கைப் பற்றி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்திருக்கிறார் என்பது அவர் முடிவு. சில மாதங்களில் அப்பா மறுபடி தீக்கே வந்துவிட்டார். ஆனால் ஒரே சூளையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டார்கள்.

வீடும் ஒரே வீடுதான். நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தோம். சுவர் ஓடு வரைக்கும் எட்டவில்லை. அந்தப் பக்கம் தாளிப்பது இந்தப் பக்கம் மணக்கும். நாங்கள் இருமினால் அவர்களுக்குக் கேட்கும். இரண்டு வீட்டிலும் மெதுவாகப் பேசப் பழகிக்கொண்டோம், அந்தப் பக்கம் பேசுவதை மட்டும் நன்றாகக் கேட்கப் பழகிக்கொண்டோம்.

எனக்கு முதலில் வேப்பூரில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்த பிறகு, பெண்ணுக்கு இளைப்பு இருக்கிறதாமே என்று சொல்லி விட்டுவிட்டார்கள். மண் தூசியில் வேலை செய்கிற யாருக்குத்தான் இருமல் கிடையாது? வேப்பூர்க்காரனுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு என் இருமலைக் கேட்டவள் சித்தி ஒருத்திதான். நான் அவளை முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குழாயடி வரிசையில் அவள் குடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி உதைக்கத் தோன்றியது.

அடுத்த வருஷம் சேத்தியாத்தோப்பில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை ரைஸ் மில்லில் மெக்கானிக். இதுவும் கலைந்தால் இனி யாரும் எங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆவணியில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதற்கு முன்னால் கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும்.

எங்கள் சபையில் அது வழக்கம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பார்கள். ஒவ்வொரு தடவையும், இதற்குத் தடை உண்டென்றால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். பொதுவாக அந்த நேரத்தில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள், ஒரு பிள்ளை அழும், அவ்வளவுதான். எனக்கோ அந்த நிறுத்தத்தை நினைத்தாலே பயம். சித்தி எழுந்து நின்று இளைப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமே.

அப்பாவுக்கும் அதே பயம்தான். அவர் அதுவரை கோயிலில் கடைசி வரிசையில், ஜன்னல் பக்கம் உட்காருகிறவர். வேதம் வாசிக்கும்போது கண் சொருகிவிடும். பிரசங்கம் தொடங்கினால் பீடி குடிக்க வெளியே போய்விடுவார். வேதப் புத்தகம் வீட்டில் இல்லாமல் இல்லை, டிரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க அப்பாவுக்கு வரும். படித்ததில்லை.

முதல் ஓலை வாசிக்கும் ஞாயிறன்று அவர் நேராக முன்னால் போய், இடதுபக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, சனத்தைப் பார்க்கிற மாதிரி குறுக்கே உட்கார்ந்தார். வலது காது மொத்தச் சனத்துக்கும் நேராக இருந்தது. எங்கே பாய் அசைந்தாலும் அவருக்குத் தெரியும். சித்தப்பா நாலைந்து வரிசை பின்னால் இருந்தார். அப்பாவின் கண் அவரை விட்டு நகரவில்லை. நான் பெண்கள் பக்கத்திலிருந்து சித்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூங்க வழியில்லாததால் அன்றைக்கு அப்பாவின் காதில் வேதம் விழுந்தது. எங்கள் கோயிலுக்கு ஐயர், அதாவது பாதிரியார், மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் வாசிப்பதும், பேசுவதும், ஓலை சொல்வதும். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அன்றைக்கு அவர் வாசித்தது, சகோதரன் கண்ணில் கிடக்கும் துரும்பை எடுக்கக் கிளம்புகிறவன் முதலில் தன் கண்ணில் கிடக்கும் உத்தரத்தைப் பார்க்கட்டும் என்று இயேசு சொல்கிற இடம். அப்பா தம்பியிடமிருந்து பார்வையை எடுத்து உபதேசியாரைப் பார்த்தார். பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஓலையை வாசித்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா அம்மாவிடம் ஆரம்பித்தார்.

"கேட்டியா? யாரோ சொல்லியிருக்காங்க அவருகிட்ட."

"எதை?"

"எங்க வூட்டு விசயத்த. இல்லன்னா இத்தினி வேதம் இருக்கறப்ப அண்ணன் தம்பி கதைய இன்னிக்கு ஏன் எடுக்கணும்? போன வாரம் அவன் உபதேசியார் வூட்டாண்ட நின்னு பேசிக்கிட்டிருந்தான். நான் பாத்தேன்."

"சர்ச்சுக்கு வெள்ளை அடிக்கற விசயமாப் பேசியிருப்பாரு."

"வெள்ளை அடிக்கத்தான்," என்றார் அப்பா. அந்த வாரம் முழுக்க, சாப்பிடும்போதும் சைக்கிளைத் துடைக்கும்போதும் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்ததை நான் கவனித்தேன். சூளைத் தூசிதான் என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வாரம் வேறொன்றும் நடந்தது. அப்பா பார்த்த ஒரு சுற்று கெட்டுப்போயிற்று. இரவெல்லாம் நின்று தீ பார்த்தும், சூளை திறந்தபோது மேல்பூச்சு முழுக்கக் கொப்புளம். ஒரு கப்பும் தேறவில்லை. யார்மேலும் பழி வரவில்லை, எண்ணெய் மட்டமான சரக்கு என்று சூப்பர்வைசரே சொல்லிவிட்டார். இருந்தாலும் அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. கம்பெனியில் என்கூட வேலை செய்த பெண்கள் வேறு, ஆடி பிறக்கிற நேரத்தில் கல்யாணப் பேச்சை எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று என்னைச் சீண்டினார்கள். எங்களுக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான் என்று நான் வாய்க்கு வாய் பதில் சொன்னேன். சொல்லிவிட்டு, ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினேன்.

இரண்டாம் ஞாயிறு உபதேசியார் வாசித்தது என்ன தெரியுமா? இராமுழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாமல் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்த மீன்பிடிக்காரர்கள் கதை. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் முகம் செங்கல் நிறமாகிவிட்டது. சனம் முழுக்கத் தன்னையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உண்மையில் இரண்டு மூன்று பேர் பார்க்கத்தான் செய்தார்கள். ஓலைக்கு அன்றைக்கும் தடை வரவில்லை. அப்பாவுக்கு அது ஞாபகமே இல்லை.

"சூளை விசயத்தக் கூடவா கோயில்ல கொண்டாந்து வெப்பாங்க," என்று வழியெல்லாம் பொரிந்து தள்ளினார்.

"கடைசியில வலை கிழியற அளவுக்கு மீன் வந்துச்சே. அத வுட்டுட்டீங்க," என்றாள் அம்மா.

"அது எனக்கு இல்ல. மொதப் பாதிதான் எனக்கு."

அன்று சாயங்காலமே உபதேசியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போய்க் கையை நீட்டிவிடப் போகிறாரே என்று அம்மா என்னையும் கூட அனுப்பினாள். உபதேசியார் கொல்லையில் கோழிகளைக் கூண்டில் அடைத்துக்கொண்டிருந்தார். அப்பா உட்காரவே இல்லை.

"ஐயா, நேராவே கேக்கறேன். எங்க வூட்டு விசயத்த ஒங்ககிட்ட யாரு சொல்றது?"

உபதேசியாருக்குப் புரியவில்லை. அப்பா துரும்பையும் மீனையும் சொன்னார். உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"நான் எடுக்கறது இல்லைங்க அதெல்லாம். எந்த ஞாயிறு எந்தப் பாகம்னு சபையில எல்லா ஊருக்கும் சேத்து முன்னாடியே வெச்சிருக்கு. ஒங்க தாத்தா காலத்துல இருந்து இதே முறைதான். போன வருஷமும் இந்த ஞாயிறு இதேதான் வாசிச்சேன்."

"போன வருஷம் நான் கேக்கலியே."

"நீங்க எப்பிடிக் கேப்பீங்க? நல்லாக் குறட்டை வுட்டுக்கிட்டு இருந்தீங்க."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா அசரவில்லை. "அப்ப அடுத்த ஞாயிறு என்ன வாசிப்பீங்க, இப்பவே சொல்லுங்க," என்றார்.

"வந்து கேளுங்களேன்," என்றார் உபதேசியார்.

அப்பா நம்பவில்லை. எங்கள் வீட்டு ஆள் அவ்வளவு சீக்கிரம் நம்பினால் ஊர் சிரிக்கும். பீங்கான் சாமானை வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போகும் லாரி ஒன்று வாரத்தின் நடுவில் சூளைக்கு வரும். அதன் டிரைவர் விழுப்புரம் பக்கம், எங்கள் சபையைச் சேர்ந்தவர், வாரம் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் நான் அப்பாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோயிருந்தேன். அப்பா அவரை லாரி நிழலில் மடக்கி, பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டார்.

"போன ஞாயிறு ஒங்க கோயில்ல என்ன வாசிச்சாங்க?"

டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "மீன் புடிக்கற கதைங்க. ராத்திரி பூரா ஒண்ணும் கெடைக்காம, அப்புறம் வலை நெறைய வருமே."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"கண்ணுல உத்தரம்."

அப்பா கையிலிருந்த பீடியைப் பற்றவைக்காமல் காதில் சொருகிக்கொண்டார். டிரைவர் போன பிறகு நான் வாளியைத் திறந்துவைத்தேன். சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

"அப்ப யாரும் சொல்லல," என்றார்.

"அதான் உபதேசியாரே சொன்னாரே. இனியாவது கவலைய வுடு," என்றேன்.

"கவலை இப்பத்தாண்டி. மனுசன் போட்டுக் குடுத்தா அந்த மனுசன்கிட்ட போயி சண்டை போடலாம். யாருமே சொல்லாம என் விசயம் அங்க எப்பிடி இருக்குது?"

அவர் வாளியை மூடிவிட்டு இன்னொன்றும் சொன்னார். அதை எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியாது. "உபதேசியாருகிட்ட யாரோ சொன்னாங்கன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன். தலை மேல அடிச்சிச் சத்தியம் பண்ணியிருப்பேன். யாருமே சொல்லல. சூப்பர்வைசருகிட்டயும் அப்படித்தான் இருக்குமோ என்னமோ."

மூன்றாம் ஞாயிறு எங்களுக்கு ஒரு புதுத் தலைவலி வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா காலைப் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து இறங்கினார். கடைசி ஓலையைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். கேட்கவா வந்தார், வேவு பார்க்கவா வந்தார் என்று எனக்கு அப்போதே சந்தேகம். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஆண்கள் பக்கம் நடுவில் போய் உட்கார்ந்தார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கென்று பார்த்து இருமல் முட்டிக்கொண்டு வந்தது. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன்.

அப்பா உட்காரும் இடத்தை மாற்றியிருந்தார். சுவர் வேண்டாம் என்று, ஆண்கள் வரிசையின் வலது ஓரத்தில், வேதம் வாசிக்கும் மேசைக்குப் பக்கமாக, முன்னால் பார்த்து உட்கார்ந்தார். நல்ல காது மேசைப் பக்கம் இருந்தது. தம்பியும் மற்ற ஆண்களும் இருந்த பக்கம் அவருடைய கேட்காத காதுதான் இருந்தது. இப்போது சனத்தில் யார் செருமினாலும், யார் எழுந்தாலும் அவருக்குத் தெரியாது. இந்த மனுசன் என்ன இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காவல் காக்க வேண்டிய நாளில் காவலை விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

உபதேசியார் வாசித்தார். காணிக்கையோடு பலிபீடம் வரைக்கும் போய்விட்ட ஒருவனைப் பற்றி இயேசு சொல்கிற இடம் அது. தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்பது அங்கே போன பிறகு அவனுக்கு ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகிவிட்டு வரட்டும் என்று சொல்கிறார். அப்பா ஆடாமல் அசையாமல் இருந்தார். பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. போன இரண்டு ஞாயிறும் உபதேசியாரை முறைத்த மனிதர் அன்றைக்கு அவர் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

பிறகு ஓலை. என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, தடை உண்டென்றால் சொல்லலாம் என்று உபதேசியார் நிறுத்தினார். நான் சித்தியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தது. எழுந்தாளானால் நானும் எழுந்துவிடுவது, என்ன ஆனாலும் சரி என்று இருந்தேன். அப்போது ஆண்கள் பக்கம் பாய் சரசரத்தது. சித்தப்பாதான் என்று திரும்பினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

உபதேசியார் கொஞ்சம் குனிந்து, "இது ஒங்க பொண்ணு ஓலைங்க," என்றார்.

"தெரியும் ஐயா. தடை இருக்குது."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நெரிந்தது. சேத்தியாத்தோப்புப் பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோயில் ஓடுகளையெல்லாம் பிரித்துப் போட்டிருப்பேன். மூன்று வாரமாக ஊரெல்லாம் எதிரி தேடிவிட்டு, கடைசியில் என் கல்யாணத்தைக் கெடுக்க எழுந்தவர் என்னைப் பெற்றவர்.

அப்பா சத்தமாகத்தான் பேசினார். காது மந்தமானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

"என் தம்பி இங்கதான் ஒக்காந்திருக்கான். அவனுக்கு எம்மேல குறை இருக்குது. எனக்கு அவன்மேல குறை இருந்தா என்ன செய்யறதுன்னு நீங்க வாசிக்கல. அவனுக்கு எம்மேல இருந்தா என்ன செய்யணும்னுதான் வாசிச்சீங்க. நான் நல்லாக் கேட்டேன். காதுல வுழுந்துடுச்சி. வுழுந்தப்புறம் வுழாத மாதிரி எப்பிடி ஒக்காந்திருக்கறது? அவங்கிட்ட பேசாம எம்பொண்ணக் கொண்டாந்து இங்க நிறுத்த எனக்குத் தெம்பு இல்ல. அதான் தடை."

சித்தப்பா எழுந்தார். முதலில் சித்தியைப் பார்த்தார், பிறகு உபதேசியாரைப் பார்த்தார். எங்கள் வீட்டு ரத்தம் இல்லையா, அவருக்கும் சந்தேகம்தான் முதலில் வந்தது.

"யாரு எங்கண்ணனுக்கு இத சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லிக் குடுக்கலீங்க," என்றார் உபதேசியார். "எல்லாரும் கேட்டதுதான் அவரும் கேட்டாரு."

சித்தப்பா அங்கேயே நின்றார். ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரம் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவு நேரம் இருந்திருக்காது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பிறகு சித்தப்பா உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி முன்னால் வந்து, அப்பாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். அப்பாவும் உட்கார்ந்தார். சித்தப்பா அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, கொஞ்சம் நேரமே சொன்னார். சொல்லும்போது தோள் குலுங்கியது. அப்பா தலையை ஆட்டினார். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தடை நீங்கியதா என்று கேட்டார். நீங்கிவிட்டது என்று அப்பா சொன்னார்.

வெளியே வந்ததும் பெரியப்பா எங்களை நோக்கி வந்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவர் அப்பாவையும் சித்தப்பாவையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஓலை முடிஞ்சுதா, இன்னும் பாக்கி இருக்குதா?"

"முடிஞ்சுதுங்க," என்றார் அப்பா.

"அப்ப சோறு போடுங்க. நான் மத்தியான பஸ்ஸப் புடிக்கணும்."

அன்றைக்குச் சித்தி தன் அடுப்பில் வைத்திருந்த குழம்பை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள். பெரியப்பாவுக்கு நான் பரிமாறும்போது இருமல் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "மண்ணுத் தூசிங்க," என்றாள் சித்தி, யாரும் கேட்பதற்கு முன்னால். "இங்க எல்லாருக்கும் இருக்குது. எனக்குங்கூட. ஒங்க ஊருக்கு வந்தா நெல்லுத் தூசிக்கு மாறிடும்." பெரியப்பா சிரித்துவிட்டு மோர் கேட்டார். இந்தப் பதிலை இவள் இவ்வளவு தயாராக எப்போது வைத்திருந்தாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அது இன்றைக்கும் இருக்கிறது, போகவில்லை.

அதற்குப் பிறகு அப்பா கடைசி வரிசைக்குத் திரும்பவே இல்லை. சாகும்வரை மேசைக்குப் பக்கத்து இடம் அவருடையது. வேப்பூர் பக்கம் ஒரு வேலைக்குப் போனாலும் சனிக்கிழமையே வந்துவிடுவார். கேட்டுவிட்டு வந்து பெரிதாக விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார். வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டிய ஆளைப் போய்ப் பார்ப்பார், கொடுக்க வேண்டியதைக் கொடுப்பார், சில நாள் காரணம் சொல்லாமல் யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். இன்றைக்கு என்ன வாசித்தார்கள் என்று அம்மா அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அந்த மூன்றாம் ஞாயிறு சாயங்காலத்துக்கு வருகிறேன். பெரியப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்கு மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. அவருடைய வலது பக்கம் போய் நின்றுகொண்டு கேட்டேன்.

"சித்தப்பா என்ன சொன்னாரு?"

"எப்ப?"

"கோயில்ல. காதுல சொன்னாரே. சூப்பர்வைசருகிட்ட அவருதான் சொன்னாராமா, இல்லையாமா?"

"இந்தக் காதுல சொன்னான்," என்று அப்பா இடது காதைத் தொட்டார். "வுழல."

"திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"எதுக்கு?"

"எதுக்கா? அந்தக் காது ஒனக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? இத்தினி வருஷம் கூட வேலை செஞ்சவரு. தெரிஞ்சேதான் அந்தப் பக்கம் வந்து ஒக்காந்திருக்காரு."

அப்பா தூக்குவாளியை எடுத்து சைக்கிளில் மாட்டினார். நான் சொன்னதை அவர் யோசித்தார் என்பது தெரிந்தது. அந்த முகத்தை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன், எதையும் இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிற முகம்.

"இருக்கும்," என்றார். "அவன் சொல்ல வேண்டியத சொல்லிட்டான். எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து வாசலுக்குப் போய், "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வரியா," என்று தம்பியைக் கூப்பிட்டார்.